உத்தரவுக்குத் தாய் தகப்பன் இருக்கா? ‘பிறப்பித்தல்’ என்ற சொல்லின் கதை

“உத்தரவு பிறப்பிக்கப்பட்டுள்ளது.”

இந்த வசனத்தை நாங்கள் எத்தனை ஆயிரம் தடவை வாசிச்சிருப்பம்? பேப்பரில, செய்தித் தளத்தில, வட்ஸ்அப் குழுவில. ஊரடங்கு எண்டாலும் இதுதான், பாடசாலை விடுமுறை எண்டாலும் இதுதான், மீன்பிடித் தடை எண்டாலும் இதுதான். இலக்கணப்படி பார்த்தால் வசனத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் வசனத்துக்குள்ள ஒரு ஆள் இல்லை. பிறப்பித்தது யார்?

‘பிற’ என்பது தன்வினை. பிள்ளை பிறந்தது, யோசனை பிறந்தது, தை பிறந்தது. ‘பிறப்பி’ என்பது பிறவினை, அதாவது இன்னொருவரோ இன்னொன்றோ பிறக்கும்படி செய்வது. ஆகவே பிறப்பித்தல் என்று சொன்ன உடனேயே பெற்றவர் ஒருவர் இருந்தாக வேண்டும். அப்படிப்பட்ட சொல்லை எடுத்து, அதோட ‘படு’வை ஒட்டி, ‘பிறப்பிக்கப்பட்டுள்ளது’ என்று செயப்பாட்டுவினை ஆக்கினால் பெற்றவர் காணாமல் போய்விடுவார். பிள்ளை மட்டும் வாசலில் கிடக்கும். நாங்களும் அதைத் தூக்கி வளர்க்கத் தொடங்கிவிடுவோம்.

இந்தக் கட்டுரை அந்தக் காணாமல் போன ஆளைப் பற்றியது. ஒரு உத்தரவு எப்படிப் பிறக்கிறது, யாருடைய பெயரோட பிறக்கிறது, எந்த மொழியில் பிறக்கிறது, எப்போது சாகிறது என்ற கேள்விகளை எங்கட திருகோணமலையை வைத்துப் பார்க்கலாம். ஓர்ஸ் ஹில்லில் இருக்கிற எங்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. மாகாண நிர்வாகம் இருக்கிற நகரம் இது. கடிதத் தலைப்பும் இறப்பர் முத்திரையும் எங்களுக்குப் பெட்டிக்கடை மாதிரிப் பழக்கம்.

ஓடரும் உத்தரவும்

முதலில் வாய்ப்பேச்சு. வீட்டில் யாரும் “உத்தரவு பிறப்பிச்சிட்டாங்கள்” என்று சொல்வதில்லை. “ஓடர் வந்திட்டுதாம்” என்பார்கள். “மேலிடத்து ஓடர்” என்பார்கள். ஊரடங்கை “கேர்பியூ போட்டாச்சு” என்பார்கள். பேச்சுத்தமிழில் அதிகாரத்தின் வினைச்சொல் ‘போடு’தான். கேஸ் போடுறது, சட்டம் போடுறது, தடை போடுறது, கேர்பியூ போடுறது. பூட்டுப் போடுற மாதிரி. எழுத்துத்தமிழில் அதே காரியம் பிறப்பு ஆகிவிடுகிறது. பேச்சில் உத்தரவு எங்கள் மேல் விழுகிற பாரம். எழுத்தில் அது தொட்டிலில் கிடக்கிற குழந்தை. இந்த இரண்டில் எது மக்களின் அனுபவத்துக்குக் கிட்ட நிற்கிறது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

‘உத்தரவு’ என்ற சொல்லுக்கும் ஒரு கதை இருக்கு. அதன் வேர் ‘உத்தரம்’, அதாவது மறுமொழி. கேட்ட கேள்விக்கு வந்த பதில். அதனால்தான் பழைய ஆட்கள் விருந்துவீட்டில் இருந்து கிளம்பும்போது “உத்தரவு வாங்கிக்கொள்ளுறன்” என்பார்கள். அங்கே உத்தரவு கட்டளை இல்லை, போய்வரக் கேட்ட கேள்விக்குக் கிடைத்த சம்மதம். தமிழ்ச் சொல்லான ‘விடை’யும் அப்படித்தான். விடை என்றால் பதில், விடை என்றால் அனுமதி. இரண்டு சொல்லிலும் ஒரு நினைவு ஒளிந்திருக்கு: முதலில் யாரோ கேட்டார்கள், பிறகுதான் இது வந்தது. இன்றைக்கு நாங்கள் கேட்காமலே உத்தரவு வருகிறது. சொல் மட்டும் பழைய அர்த்தத்தைச் சுமந்துகொண்டு திரிகிறது.

‘கட்டளை’யையும் பாருங்கள். செங்கல் அறுக்கிற அச்சுக்குப் பெயர் கட்டளை. பொன்னின் மாற்றுப் பார்க்கிற உரைகல்லுக்குப் பெயர் கட்டளைக்கல். கோயிலில் ஒரு பூசைக்கு என்று எழுதி வைத்த தருமத்துக்கும் பெயர் கட்டளை. எல்லாவற்றிலும் அளவு, ஒழுங்கு, முறை என்ற பொருள் இருக்கிறது. ‘ஆணை’க்கு இன்னொரு முகம் சத்தியம். “அம்மாவாணை” என்கிறோமே, அந்த ஆணை. கட்டளை இடுகிறவர் தன்னையே பணயம் வைக்கிறார் என்பது போல.

அரசன் வாய் திறந்தால் போதுமா?

சரி, பழைய காலத்தில் அரசன் சொன்னதுதானே சட்டம், அங்கே என்ன முறை இருந்திருக்கும் என்று கேட்கலாம். சோழர் காலத்து ஆவணங்கள் வேறு மாதிரிச் சொல்கின்றன.

நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் கட்டிய சூளாமணிவர்ம விகாரைக்கு முதலாம் இராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தைக் கொடுத்தான். அந்தக் கொடை பற்றிய செப்பேடுகள் 21. ஒல்லாந்தர் அவற்றைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனதால் ‘லைடன் செப்பேடுகள்’ என்று பெயர் வந்தது. அவற்றை வாசிக்கும்போது ஆச்சரியம் தருவது கொடையை விட, கொடை நடந்த முறை.

அரசன் முதலில் வாயால் சொல்கிறான். அதைக் கேட்டு எழுத ஒரு அதிகாரி. எழுதியது சரியா என்று பார்க்க ஓலைநாயகங்கள். பிறகு வரிப்புத்தகத்தில் பதிய வருவாய் அதிகாரிகள். பதிந்த பிறகு அந்தப் பகுதி நாட்டாருக்குத் திருமுகம் போகிறது. அவர்கள் அதை எதிர்கொண்டு வாங்கி, ஒரு பெண் யானையை நடக்கவிட்டு, ஊரின் எல்லையைச் சுற்றி அடையாளம் வைக்கிறார்கள். ‘பிடி சூழ்ந்து’ என்பது இதைத்தான். ஒவ்வொரு கட்டத்திலும் ஆட்களின் பெயர் இருக்கிறது. கடைசியில் ‘இவை இன்னான் எழுத்து’ என்று ஒப்பம். செம்பில் வெட்டி முடிந்தது இராஜராஜனின் மகன் இராஜேந்திரன் காலத்தில்.

சோழர் கல்வெட்டுகளில் ‘திருவாய்க்கேள்வி’ என்று ஒரு சொல் வரும். அரசனின் வாய்மொழியைக் கேட்டுப் பதிகிற முறைக்கு அது பெயர். அந்தச் சொல்லிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்: சொல்கிற வாய், கேட்கிற காது. வாய் மட்டும் உத்தரவு ஆகாது. கேட்டு, எழுதி, பதிந்து, பெயர் போட்ட பிறகுதான் அது ஊருக்குப் போகும். சோழ அரசு மக்களாட்சி இல்லை. வரி கட்டாதவனுக்கு என்ன நடந்தது என்பதும் அதே கல்வெட்டுகளில் இருக்கு. ஆனாலும் ஒரு உத்தரவைப் பிடித்து ‘இது யாருடைய பிள்ளை’ என்று கேட்டால் பதில் அந்தச் செம்பிலேயே இருந்தது.

இது எங்களுக்கு அந்நியமான சரித்திரமும் இல்லை. கந்தளாய் அந்தக் காலத்தில் ‘இராஜராஜச் சதுர்வேதிமங்கலம்’. பெரியகுளத்துப் பக்கம் இருக்கிற வெல்கம் விகாரை ‘இராஜராஜப் பெரும்பள்ளி’. அங்கே புத்தபள்ளிக்குக் கொடுத்த விளக்குகளும் பசுக்களும் தமிழில் கல்லில் எழுதிக் கிடக்கின்றன. இன்னொரு விஷயம் தெரியுமா? தமிழ்நாட்டில் ‘துறை’ என்பதை நாங்கள் ‘திணைக்களம்’ என்கிறோம். சோழர் கல்வெட்டில் வரி நிர்வாகத்துக்குப் பெயர் ‘புரவுவரித் திணைக்களம்’. ஆயிரம் வருடத்துக்கு முந்தின சொல் ஒன்று இலங்கை அரச கந்தோர்களின் பெயர்ப்பலகையில் இன்றைக்கும் உயிரோட இருக்கு. சொல் வந்தது. பெயர் போட்டு ஒப்பமிடுகிற பழக்கமும் கூட வந்ததா என்பதுதான் கேள்வி.

கந்தோர், தோம்பு, வர்த்தமானி

மேலே ‘கந்தோர்’ என்று எழுதினேன். அது ஒல்லாந்தச் சொல். ‘தோம்பு’ போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். ‘கச்சேரி’ வட இந்தியா வழியாக வந்தது. எங்களை ஆண்டவர்கள் ஒவ்வொருவரும் உத்தரவு போட ஒரு கட்டடத்தையும், அந்தக் கட்டடத்துக்கு ஒரு பெயரையும் கொண்டுவந்தார்கள். 1795 ஓகஸ்ட்டில் திருகோணமலைக் கோட்டைகளை ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடம் இருந்து பிடித்தார்கள். 1799 செப்டெம்பரில் ஆளுநர் பிரெடரிக் நோர்த் ஒரு பிரகடனம் வெளியிட்டு, ஒல்லாந்தர் காலத்தில் இருந்த சட்டங்களே தொடரும் என்றார். ஆட்சி மாறியது, பழைய உத்தரவுகள் சாகவில்லை. புதுத் தகப்பன் தத்தெடுத்துக்கொண்டார்.

1802 மார்ச் 15 அன்று அரசாங்க கெசற் முதல்முறை வெளிவந்தது. இப்போது வர்த்தமானி என்கிறோம். அதன் அடிப்படை யோசனை எளிமையானது: ஆட்சியாளர் போடும் உத்தரவு இலக்கத்தோட, திகதியோட, எல்லாரும் பார்க்கக்கூடிய தாளில் இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் மாதிரி. வர்த்தமானி மக்களின் நன்மைக்காகத்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அது ஒரு காலனி அரசின் கருவி. ஆனால் அந்தக் கருவிக்கு ஒரு பக்கவிளைவு இருந்தது. உத்தரவு ஒன்று இருக்கிறது என்று சொல்கிறவர் அதைக் காட்ட வேண்டியதாயிற்று.

இங்கே ஒரு சொற்சிக்கலையும் சொல்லிவிட வேண்டும், தமிழ்நாட்டு ஆட்களோட பேசும்போது இதில் பலர் தடுக்கி விழுகிறோம். ஆங்கிலத்தில் ‘ஓர்டினன்ஸ்’ என்பதை இலங்கையில் ‘கட்டளைச் சட்டம்’ என்கிறோம். பிரித்தானியர் காலத்துச் சட்டவாக்க சபைகள் இயற்றிய நிரந்தரச் சட்டங்கள் இவை. 1897ஆம் ஆண்டுத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம், 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் எல்லாம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கு. இந்தியாவில் அதே ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் ‘அவசரச் சட்டம்’. சட்டமன்றம் கூடாத நேரத்தில் குடியரசுத் தலைவரோ ஆளுநரோ தற்காலிகமாகப் பிறப்பிப்பது. 2017 ஜனவரியில் மெரினாப் போராட்டத்துக்குப் பிறகு வந்த ஜல்லிக்கட்டு அவசரச் சட்டம் நல்ல உதாரணம். ஒரே ஆங்கிலச் சொல். இங்கே அதற்கு நூறு வருட ஆயுள், அங்கே சில மாதம். மொழிபெயர்ப்பிலேயே உத்தரவின் வயது மாறிவிடுகிறது.

எந்த மொழியில் பிறந்தது?

1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்துக்குப் பிறகு கேள்வி இன்னும் கூர்மையானது. உத்தரவு பிறக்கிறது, ஆனால் எங்களுக்கு விளங்காத மொழியில் பிறக்கிறது. 1961 பெப்ரவரியில் தொடங்கிய சத்தியாக்கிரகத்தில் தமிழரசுக் கட்சிக்காரர் போய் உட்கார்ந்த இடம் எது? யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இங்கே திருகோணமலையிலும் கச்சேரி வாசல்கள். உத்தரவு உற்பத்தியாகிற இடத்தையே மறித்தார்கள். ஏப்ரல் 17ஆம் திகதி அரசு அவசரகால நிலையைப் பிரகடனப்படுத்தியது. உத்தரவுக்கு எதிரான போராட்டத்துக்குப் பதில் இன்னொரு உத்தரவு.

அதே வருடம் டிசம்பர் 4ஆம் திகதி திறைசேரி 560ஆம் இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டது. சிங்களத் தேர்ச்சி இல்லாத அரச ஊழியருக்குச் சம்பள ஏற்றம் நிறுத்தப்படும். கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த கோடீஸ்வரன் அந்தத் தேர்வுக்குப் போகவில்லை. சம்பள ஏற்றம் நின்றது. அவர் வழக்குப் போட்டார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்குத் தொடர முடியாது என்று அதை மாற்றியது. 1969இல் லண்டனில் இருந்த கோமறைக் கழகம், முடியும் என்று சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. மூலக்கேள்வியான ‘சிங்களம் மட்டும் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானதா’ என்பதற்குப் பதில் வருவதற்கு முன்பே கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடும் பழைய அரசியலமைப்பும் போய்விட்டன.

ஒரு எழுதுவினைஞர் செய்தது என்ன? ஒரு சுற்றறிக்கையைப் பார்த்து ‘உன் தகப்பன் யார்?’ என்று கேட்டார். சுற்றறிக்கையின் தகப்பன் ஒரு சட்டம். அந்தச் சட்டத்தின் தகப்பன் அரசியலமைப்பு. அந்தப் பரம்பரை எங்கேயாவது அறுந்திருந்தால் சுற்றறிக்கை செல்லாது. அதுதான் அவருடைய வாதம். ஒரு சம்பள ஏற்றத்தில் தொடங்கி நாட்டின் அடிப்படைச் சட்டம் வரைக்கும் ஏறிய கேள்வி அது.

இன்றைக்குத் தமிழும் அரசகரும மொழி. 1987இன் 13ஆவது திருத்தமும் 1988இன் 16ஆவது திருத்தமும் அதைச் சொல்கின்றன. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி. சட்டங்கள் இரண்டு மொழியிலும் வெளிவர வேண்டும். ஆனால் எந்தச் சட்டத்தையாவது எடுத்துக் கடைசிப் பிரிவைத் தமிழில் வாசித்துப் பாருங்கள். இரண்டு உரைக்கும் இடையில் முரண் வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று வழக்கமாக இருக்கும். தமிழில் எழுதிய வசனம், தமிழை நம்பவேண்டாம் என்று சொல்கிறது. இரட்டைப் பிள்ளைகள்தான், ஆனால் சொத்து ஒருவருக்கு.

பிழையாகப் பிறந்த மாகாணம்

இப்போது எங்கட நகரத்தின் பெரிய உதாரணத்துக்கு வருவம். 1988 செப்டெம்பரில் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன பிரகடனங்கள் மூலம் வடக்கையும் கிழக்கையும் ஒரே நிர்வாக அலகாக்கினார். வடக்கு கிழக்கு மாகாண சபைக்குத் திருகோணமலைதான் தலைநகரம். எங்கட அம்மா அப்பாவின் தலைமுறை வேலைக்கு விண்ணப்பித்ததும் இடமாற்றம் கேட்டதும் ‘வட கிழக்கு மாகாணம்’ என்ற கடிதத் தலைப்பின் கீழ்தான்.

ஆனால் அந்தப் பிரகடனம் எப்படிப் பிறந்தது? 1987ஆம் ஆண்டின் மாகாண சபைகள் சட்டத்தில் இணைப்புக்கு ஒரு நிபந்தனை இருந்தது: ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டு மோதல் நின்றிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. அதனால் அவசரகால ஒழுங்குவிதி ஒன்றால் அந்த நிபந்தனையை மாற்றிவிட்டு, பிறகு பிரகடனம் வந்தது. கிழக்கில் நடக்க வேண்டிய சர்வசன வாக்கெடுப்பும் ஒவ்வொரு வருடமும் ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைப்பதும் ஒரு உத்தரவுதான்.

2006 ஒக்டோபர் 16ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்த இணைப்பு செல்லாது என்றது. அவசரகால அதிகாரத்தால் அப்படிச் செய்ய முடியாது என்பது காரணம். 2007 ஜனவரி 1 முதல் மாகாணம் இரண்டானது.

இணைப்பு வேணுமா வேண்டாமா என்பது வேறு விவாதம். கிழக்கில் மூன்று சமூகங்களுக்கும் அதில் மூன்று கருத்து இருக்கு, ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னும் மூன்று. நான் பார்ப்பது பிறப்பை மட்டும். 18 வருடமாக ஒரு மாகாணம் இருந்தது. அதற்குக் கந்தோர்கள் இருந்தன, ஊழியர்கள் இருந்தார்கள், முத்திரை இருந்தது. பிறகு ஒரு நாள் அதன் பிறப்புச் சான்றிதழில் பிழை என்று சொன்னார்கள். நாடாளுமன்றம் சட்டமாக இயற்றியிருந்தால் அதைக் குலைப்பதற்கும் நாடாளுமன்றம் வேண்டியிருந்திருக்கும். பிரகடனமாகத் தந்ததால் ஒரு தீர்ப்போட போய்விட்டது. உத்தரவாகக் கிடைக்கிற உரிமை உத்தரவு இருக்கிற வரைக்கும்தான். தருகிற கை எந்தத் தாளில் தருகிறது என்று பார்க்க நாங்கள் பழக வேண்டும் என்பதற்கு இதைவிட விலை கூடிய பாடம் வேறு இல்லை.

செத்த உத்தரவு ஆட்சி செய்த ஊர்

ஓர்ஸ் ஹில்லில் இருந்து துறைமுகத்தைப் பார்த்தால், கொட்டியார்க் குடாவுக்கு அந்தப் பக்கம் சம்பூர். 2006 ஏப்ரலில் தொடங்கிய தாக்குதல்களோட அங்கத்தைய மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 2007 மே 30ஆம் திகதி அதிவிசேட வர்த்தமானி ஒன்றில், அவசரகால ஒழுங்குவிதியின் கீழ், மூதூர் கிழக்கு, சம்பூர் பகுதி உயர் பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்டது. கிளிவெட்டி போன்ற இடங்களில் முகாமில் இருந்த மக்களுக்குத் தங்கள் வளவு இனித் தங்களுக்கு இல்லை என்று ஒரு தாள் சொன்னது.

2011 ஓகஸ்ட் இறுதியில் அவசரகால நிலை முடிவுக்கு வந்தது. தாய் செத்தால் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் போகும் என்பதுபோல, அவசரகால நிலை போனால் அதன் கீழ் பிறந்த ஒழுங்குவிதிகளும் போக வேண்டும். ஆனால் வேலி போகவில்லை. 2012இல் இன்னொரு வர்த்தமானி, இந்த முறை முதலீட்டு வலயம் என்ற பெயரில். 2015 மேயில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த 818 ஏக்கர் பற்றிய வர்த்தமானியை இரத்துச் செய்தார். கடற்படை வசம் இருந்த பகுதி விடுபட 2016 ஆனது. பத்து வருடம்.

‘பிறப்பித்தல்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் இங்கே ஒரு விஷயம் தெளிவாகிறது. பிறக்கிறது எதுவோ அதற்குச் சாவும் இருக்க வேண்டும். உத்தரவின் சாவுக்கும் தமிழில் சொற்கள் இருக்கு: இரத்து, நீக்கம், காலாவதி, விலக்கிக்கொள்ளல். ஆனால் செய்திகளில் பிறப்புக்குக் கிடைக்கிற தலைப்பு சாவுக்குக் கிடைப்பதில்லை. ஒரு உத்தரவு எப்போது காலாவதியாகிறது என்று தெரியாத மக்கள், செத்துப்போன உத்தரவுக்கும் பயந்து வாழ்வார்கள். சம்பூரில் அந்த இடைவெளிக்குள் எத்தனையோ பிள்ளைகள் முகாமிலேயே பிறந்து பாடசாலைக்கும் போய்விட்டார்கள்.

‘சட்டம்’ இல்லாத ஊரடங்குச் சட்டம்

2020 மார்ச் 20 பின்னேரம் 6 மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு. எங்கட பேப்பர்களில் ‘ஊரடங்குச் சட்டம்’ என்றுதான் எழுதுவது வழக்கம். அந்த ‘சட்டம்’ எது? ஊரடங்குக்குத் தெளிவான அதிகாரம் 1947ஆம் ஆண்டுப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 16ஆம் பிரிவில் இருக்கு. ஜனாதிபதி வர்த்தமானியில் வெளியிடும் கட்டளையால் அதைச் செய்யலாம். 2020 மார்ச்சில் அப்படி ஒரு வர்த்தமானி வரவில்லை. ஊடக அறிக்கை வந்தது. அதை மீறியதாக 60,000க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். சட்டத்தரணிகள் கேள்வி எழுப்பியபோது தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டம் காட்டப்பட்டது. முகக்கவசம், இடைவெளி பற்றிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தது ஒக்டோபரில்.

நோய் உண்மை, வீட்டில் இருக்க வேண்டியதும் உண்மை. அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஒரு ஒழுங்கான வர்த்தமானி போட ஒரு நாள் போதுமாக இருந்தது என்பதுதான் விஷயம். அப்படிப் போட்டிருந்தால் கைதான ஒருவர் நீதிமன்றத்தில் எந்தப் பிரிவு, எந்த நேரம், எந்த விலக்கு என்று கேட்கலாம். ஊடக அறிக்கையிடம் எதைக் கேட்பது?

அதே வருடம் செப்டெம்பரில் பதுளை மாவட்டத்துக் கிராமம் ஒன்றுக்குப் போன ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, தான் வாயால் சொல்லும் பணிப்புரைகளை அதிகாரிகள் சுற்றறிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். இதைக் கேட்ட சிலருக்குச் சந்தோஷம். கோப்பு இழுபடாது, வேலை நடக்கும் என்று. கந்தோர் வாசலில் காத்துக் காலுளைந்தவர்களுக்கு அந்தச் சந்தோஷம் விளங்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஆயிரம் வருடத்துக்கு முந்தின முடியாட்சியில் கூட வாய்மொழியைக் கேட்க ஒரு ஆள், எழுத ஒரு ஆள், பதிய ஒரு ஆள் இருந்தார்கள். எழுதாத உத்தரவு பிழைத்தால் யார் பொறுப்பு? சொன்னவர் ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்பார். செய்த கீழ்நிலை ஊழியர் மாட்டிக்கொள்வார். ரிட் மனுவை எங்கட பேப்பர்காரர் ‘எழுத்தாணை மனு’ என்று எழுதுவார்கள். நல்ல சொல். ஆணைக்கு எழுத்து முக்கியம் என்று அந்தச் சொல்லே ஞாபகப்படுத்துகிறது.

2022 மே 9, மறுபடியும் நாடு முழுக்க ஊரடங்கு. அன்றைக்குப் பதவி விலகிய பிரதமர் மஹிந்த ராஜபக்ச அடுத்த நாள் வந்து சேர்ந்த இடம் எங்கட திருகோணமலைக் கடற்படைத் தளம். ஊரடங்கு நேரத்திலேயே மக்கள் அந்த வாசலுக்குப் போய் நின்றார்கள். அதே 10ஆம் திகதி, பொதுச் சொத்தைக் கொள்ளையிடுகிறவர்களையும் ஆட்களைத் தாக்குகிறவர்களையும் சுட முப்படைக்கு உத்தரவு என்று பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. ‘உத்தரவு பிறப்பிக்கப்பட்டுள்ளது’ என்ற அதே வசனம், அதே செயப்பாட்டுவினை. ஆனால் இந்த முறை அந்த வசனத்தின் மறுமுனையில் துப்பாக்கி. ஒரு ஆளின் உயிரை எடுக்கிற உத்தரவுக்காவது எழுவாய் வேண்டாமா?

கேட்க வேண்டிய நான்கு

செய்தி எழுதுகிற நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். முடிந்த இடமெல்லாம் செயப்பாட்டுவினையை விடுங்கள். ‘உத்தரவு பிறப்பிக்கப்பட்டுள்ளது’ என்பதற்குப் பதிலாக, ‘மாவட்டச் செயலாளர் இந்தச் சட்டத்தின் இந்தப் பிரிவின் கீழ் இந்த உத்தரவைப் பிறப்பித்தார்’ என்று எழுதுங்கள். நாலு சொல் கூடும், அவ்வளவுதான். எழுவாயைத் தேடும்போதுதான் சில நேரம் எழுவாயே இல்லை என்பது தெரியவரும். அது ஒரு செய்தி.

வாசிக்கிற எங்களுக்கும் வேலை இருக்கு. ஒரு உத்தரவு வந்தால் நான்கு கேள்வி. யார் பிறப்பித்தது? எந்தச் சட்டத்தின் கீழ்? தமிழில் எங்கே இருக்கு? எப்போது முடியும்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்தக் கேள்விகளை எழுத்தில் கேட்க எங்களுக்கு வழி தருகிறது. பிரதேச செயலகத்திலும் சரி, திணைக்களத்திலும் சரி, அதற்கென்று ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழில் கொடுக்கலாம்.

உத்தரவு என்றால் மறுமொழி என்று மேலே பார்த்தோம். அப்படியென்றால் கேட்கிற வேலை எப்போதும் எங்களுடையதுதான். நாங்கள் கேட்பதை நிறுத்தினால் அவர்கள் ‘போட’த் தொடங்கிவிடுவார்கள்.